32-பிட் நெட்புக்கை டெபியன் 13-க்கு ஏற்றலாமா?

14 செப்டம்பர் 2025, காலை: கேள்வி

என்னோட நெட்புக்ல (சின்ன மடிக்கணினி) ஆட்டம் என்270 பிராசசர், 2 ஜிபி ராம். டெபியன் 12 லினக்ஸ் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடுது. போன மாசம் 13 வந்தாச்சு, ஆனா 32-பிட்டுக்கு இன்ஸ்டாலரே கிடையாதாம். நல்லா ஓடுற மெஷினை எதுக்குக் கைவிடுறாங்க? புது மெஷினை விக்கத்தானே இந்த வேலை? நான் பாட்டுக்கு அப்கிரேடு கொடுத்தா என்ன ஆகும்?

14 செப்டம்பர், இரவு

அப்கிரேடு கொடுக்காதீர்கள். அதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். அப்டேட் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்ஸஸ் லிஸ்ட் கோப்பில் "ஸ்டேபிள்" என்று இருக்கிறதா, "புக்வோர்ம்" (டெபியன் 12-இன் பெயர்) என்று இருக்கிறதா? ஸ்டேபிள் என்றால் அது டெபியன் 12-ஐக் குறிக்காது, அன்றைய தேதிக்கு எது புதியதோ அதைக் குறிக்கும். ஆகஸ்ட் 9 முதல் அது 13. நீங்கள் வழக்கமான அப்டேட் என்று நினைத்துக் கொடுப்பதே உங்களை 13-க்குள் இழுத்துவிடும். எல்லா வரிகளிலும் புக்வோர்ம் என்று மாற்றுங்கள். செக்யூரிட்டி வரியையும் அப்டேட்ஸ் வரியையும் விட்டுவிடாதீர்கள். சோர்ஸஸ் லிஸ்ட் டி என்ற கோப்புறைக்குள் தனிக் கோப்புகள் இருந்தால் அவற்றையும் திறந்து பாருங்கள்.

"விக்கத்தான்" என்பதற்கு: டெபியன் யாருக்கும் கணினி விற்பதில்லை. காரணம் வேறு. அது நீளம், தனியாக எழுதுகிறேன்.

13-க்கு ஏற்றினால் மெஷின் பூட் ஆகாது.

15 செப்டம்பர், காலை

நேற்றைய கடைசி வரி தவறு. திருத்துகிறேன்.

டெபியன் 13-இல் ஐ386 தொகுப்புகள், அதாவது 32-பிட் பிராசசர் வகைக்கான மென்பொருள்கள், இன்னும் இருக்கின்றன. இல்லாதவை இரண்டு: 32-பிட் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), 32-பிட் இன்ஸ்டாலர். அந்தத் தொகுப்புகள் 64-பிட் கணினியில் பழைய 32-பிட் நிரல்களை ஓட்டுவதற்காக மட்டும் வைக்கப்பட்டவை. அவற்றுக்கு எஸ்எஸ்இ2 என்ற கூடுதல் ஆணைகள் தெரிந்த பிராசசர் வேண்டும். என்270-க்கு எஸ்எஸ்இ2 தெரியும். அதனால் ஏற்றிய பிறகும் உங்கள் நெட்புக் பெரும்பாலும் பூட் ஆகும், டெஸ்க்டாப்பும் வரும். உள்ளே டெபியன் 12-இன் 6.1 கெர்னல் அப்படியே உட்கார்ந்திருக்கும். 13-இன் களஞ்சியத்தில் அதற்கு மாற்று இல்லை, ஆகவே பாதுகாப்புத் திருத்தமும் வராது. எந்த எச்சரிக்கையும் திரையில் தோன்றாது. பூட் ஆகாமல் நின்றிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், இது மாதக்கணக்கில் தெரியாமல் போகும். எனக்கு இதுதான் அதிகக் கவலை.

பென்டியம் 3, அத்லான் எக்ஸ்பி கதை வேறு. அவற்றில் எஸ்எஸ்இ உண்டு, எஸ்எஸ்இ2 கிடையாது. அங்கே 13-இன் தொகுப்புகளை வைத்தால் நிரல்கள் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு விழும். எது முதலில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிரலை இயந்திர ஆணைகளாக மாற்றும் கம்பைலர் அந்த ஆணையை எந்த இடத்தில் போட்டதோ அந்த இடத்தில் விழும்.

15 செப்டம்பர், மாலை

"என்னுடையதும் 32-பிட்தான்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அது உண்மைதானா என்று பாருங்கள். 32-பிட் விண்டோஸ் போட்டு விற்ற 64-பிட் கணினிகள் ஏராளம். தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் ஒன்று வீட்டில் இருந்தால் அதையும் இதே முறையில் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு மாடல் மாறியது, பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று சிறிய எழுத்தில் அடியுங்கள். "ஆப்-மோட்" வரியில் 32-பிட், 64-பிட் இரண்டும் இருந்தால் பிராசசர் 64-பிட். ஃப்ளாக்ஸ் பட்டியலில் "எல்எம்" இருந்தாலும் அதே பொருள்தான், லாங் மோட் என்பதன் சுருக்கம் அது. அங்கே எஸ்எஸ்இ3-ஐத் தேடினால் அந்தப் பெயரில் கிடைக்காது, "பிஎன்ஐ" என்று இருக்கும். எஸ்எஸ்இ3 இல்லை என்று பலர் தவறாக முடிவு கட்டுவது இதனால்தான்.

அடிக்கடி குழம்புகிற ஜோடிகள்: கோர் டுயோ 32-பிட் மட்டும், கோர் 2 டுயோ 64-பிட். ஸ்டிக்கரில் அந்த 2 இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் என்270 32-பிட், 2010-இல் வந்த என்450 64-பிட். பென்டியம் 4-இல் இரண்டு வகையும் உண்டு, ஃப்ளாக்ஸ் பார்த்தால்தான் தெரியும்.

எல்எம் இருந்தால் இந்த இழையில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு ஏஎம்டி64 என்ற 64-பிட் டெபியன் 13-ஐப் புதிதாக நிறுவுங்கள். அது 2003-இன் முதல் 64-பிட் பிராசசர்கள் வரைக்கும் ஓடும். ஓடிக்கொண்டிருக்கும் 32-பிட் நிறுவலை அப்படியே 64-பிட்டாக மாற்றும் வழி இருக்கிறது, டெபியனே அதை ஆபத்தானது என்கிறது. ஒரு மாலை நேரத்தை மிச்சம் பிடிக்க அதில் இறங்காதீர்கள்.

18 செப்டம்பர்

ஏன் கைவிடுகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரே நாளில் ஒருவர் எடுத்த முடிவு அல்ல. அடுக்கு அடுக்காக நடப்பது.

கெர்னலில் தொடங்குவோம். லினக்ஸ் 1991-இல் ஒரு 386 கணினியில் பிறந்தது. அந்த 386-க்கான ஆதரவை 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில் எடுத்தார்கள். காரணம் மிகக் குறிப்பானது. நினைவகத்தில் இருக்கும் ஒரு மதிப்பை ஒப்பிட்டு, சரியாக இருந்தால் அதே மூச்சில் மாற்றி எழுதும் ஆணை 486-இல்தான் வந்தது. எழுதத் தடைபோட்ட நினைவகப் பக்கத்தில் கெர்னல் எழுதப் போனால் 386 அதைத் தடுக்காது. இந்த இரண்டுக்கும் கெர்னல் முழுக்க மாற்றுவழி எழுதி வைத்திருந்தார்கள். பல-கோர் பிராசசர்களுக்காக ஒவ்வொரு முறை அந்தப் பகுதியைத் தொடும்போதும் யாரிடமும் இல்லாத 386-ஐயும் நினைவில் வைத்துத் தொட வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் 486-ஐயும் எடுக்க ஒட்டுகள் (பேட்ச்) முன்மொழியப்பட்டன. அங்கேயும் காரணம் இரண்டே ஆணைகள்தான்: 8 பைட் ஒப்பிட்டு மாற்றுவது, நேரம் எண்ணுவது.

அடுத்தது கம்பைலர். ரஸ்ட் மொழியின் வழக்கமான 32-பிட் இலக்கு எஸ்எஸ்இ2 இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. கோ மொழி 2021-இல் 1.16 பதிப்பில் பழைய எக்ஸ்87 தசமக் கணக்கை விட்டது. எக்ஸ்87 உள்ளே 80 பிட் துல்லியத்தில் கணக்கிடும், எஸ்எஸ்இ2 64 பிட்டில் கணக்கிடும். ஒரே நிரல் இரண்டிலும் கடைசி இலக்கத்தில் வேறு விடை தரும், சோதனைகள் தோற்கும். ஒரு மென்பொருளை எழுதுகிறவர் தன்னிடம் இல்லாத கணினியில் மட்டும் வரும் இந்தப் பிழையை எத்தனை ஆண்டு துரத்துவார்?

மூன்றாவது, நினைவக முகவரி. 32-பிட் நிரல் ஒன்றுக்கு மொத்தமே 4 ஜிபி முகவரிதான், அதிலும் வழக்கமாக 1 ஜிபி கெர்னலுக்குப் போகும். ஒரு பெரிய பிரவுசரை லிங்க் செய்ய (பாகங்களை ஒரே நிரலாகக் கோக்க) மிச்சமுள்ள 3 ஜிபி போதாது. அதாவது 32-பிட் கணினிக்கான பிரவுசரை 32-பிட் கணினியிலேயே உருவாக்க முடியாத நிலை வந்து வெகுநாளாகிறது.

நான்காவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது: சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. மெல்ட்டவுன் என்ற பிராசசர் பாதுகாப்பு ஓட்டைக்கு 64-பிட் கெர்னலில் அடைப்பு 2018 ஜனவரியில் வந்தது. 32-பிட்டுக்கு 4.19 பதிப்பில், அதே ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. இடையில் ஒன்பது மாதம்.

உங்கள் என்270-க்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. அந்தத் தலைமுறை ஆட்டம் ஆணைகளை வந்த வரிசையிலேயே நிறைவேற்றும், முன்கூட்டி ஊகித்து ஓடாது. மெல்ட்டவுனும் அதே வகை ஓட்டையான ஸ்பெக்டரும் அதைத் தொடவில்லை.

18 செப்டம்பர், சிறிது நேரம் கழித்து

2038-ஐ விட்டுவிட்டேன். 32-பிட்டில் எண்ணப்படும் யூனிக்ஸ் நேரம் (1970 முதல் கடந்த விநாடிகள்) 2038 ஜனவரி 19 அன்று நிரம்பி 1901-க்குத் திரும்பிவிடும். டெபியன் 13-இல் ஆர்ம் 32-பிட்டை 64-பிட் நேரத்துக்கு மாற்றினார்கள், ஐ386-ஐ வேண்டுமென்றே மாற்றவில்லை. ஐ386 இனி இருப்பதே பழைய பைனரி நிரல்களை ஓட்டத்தான். நேரத்தின் அளவை மாற்றினால் அந்த நிரல்கள் உடையும். ஐ386-இன் எதிர்காலம் பற்றி டெபியன் என்ன முடிவுக்கு வந்திருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

21 செப்டம்பர்

"டெபியன் 12-இலேயே அப்டேட் வரவில்லை, ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது கைவிட்டதால் வரும் பிழை இல்லை. மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னால் போய்விட்டது. பிரவுசரில் எல்லாத் தளங்களுக்கும் சான்றிதழ் பிழை வருவதும் இதனால்தான். மேசைக் கணினியில் சிஆர்2032 நாணய பேட்டரி, கையாலேயே மாற்றலாம். நெட்புக்கில் பெரும்பாலும் இரண்டு வயரும் சின்ன பிளக்கும் வைத்த வகை இருக்கும். திறந்து அளவும் பிளக்கும் பார்த்துவிட்டு வாங்குங்கள், பேட்டரிமேல் நேரடியாக சால்டர் வைக்காதீர்கள்.

24 செப்டம்பர்

பென்டியம் எம் வைத்திருப்பவருக்கு. "பிஏஇ இல்லை" (4 ஜிபிக்கு மேலும் ராமைத் தொடும் வசதி இல்லை) என்று இன்ஸ்டாலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். தொடக்கக்கால பென்டியம் எம்களில் பிஏஇ வேலை செய்யும், ஆனால் இருப்பதாக வெளியே காட்டாது. உபுண்டு வழி நிறுவல்களில் பூட் வரியில் "ஃபோர்ஸ்பிஏஇ" சேர்ப்பார்கள். வரியின் இறுதியில் இரண்டு கோடு போட்டு அதற்குப் பின்னாலும் ஒருமுறை சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஸ்டாலர் ஓடும், நிறுவிய கணினி ஓடாது.

டெபியன் 12-இல் இந்தச் சுற்றே வேண்டாம். அதில் இரண்டு 32-பிட் கெர்னல்கள் உண்டு: 686, 686-பிஏஇ. பென்டியம் எம்முக்கு முதலாவது போதும். என்270-க்கு இரண்டாவதைப் போடுங்கள். ராம் 2 ஜிபிதானே, பிஏஇ எதற்கு என்று தோன்றும். தரவுப் பகுதியில் நிரல் ஓடாமல் தடுக்கும் பாதுகாப்பு பிஏஇ கெர்னலில்தான் கிடைக்கும்.

ஜியோட் எல்எக்ஸ் வைத்திருப்பவருக்கு 12-உம் இல்லை. நீள நாப் என்ற ஆணை அந்த பிராசசருக்குத் தெரியாது, டெபியன் 12 அதை 2023-இலேயே கட்டாயமாக்கிவிட்டது. ஒன்றுமே செய்யாத ஓர் ஆணை இல்லாததால் ஒரு பிராசசர் வெளியே போனது. படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

2 அக்டோபர்

டெபியன் 12-இலேயே இருந்து என்270-ஐ நன்றாக ஓட்ட:

ராம் 2 ஜிபிக்கு மேல் போகாது, 945ஜிஎஸ்இ சிப்செட்டின் எல்லை அது. ராமுக்குள்ளேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம்-டூல்ஸ் தொகுப்பை நிறுவி, இசட்ரேம்ஸ்வாப் அமைப்புக் கோப்பில் பெர்சன்ட் 50, அல்காரிதம் எல்இசட்4 என்று வையுங்கள். இசட்எஸ்டிடி இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் இந்த பிராசசருக்கு அது பாரம்.

வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அதிக வித்தியாசம் தெரியும். சாட்டா இங்கே விநாடிக்கு 1.5 கிகாபிட்தான், ஆகவே மலிவான எஸ்எஸ்டியே போதும். வேகமானதை வாங்கினால் பணம் வீண். சில நெட்புக்குகளில் சாட்டாவே இருக்காது, வாங்குவதற்கு முன் திறந்து பாருங்கள்.

டெஸ்க்டாப்புக்கு எல்எக்ஸ்க்யூடி, அல்லது ஐஸ்டபிள்யூஎம். அதுவும் கனம் என்றால் ஆன்டிஎக்ஸ் 23-இன் 32-பிட் பதிப்பு, அது டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்டது. தமிழுக்கு லோகித் தமிழ் எழுத்துருத் தொகுப்பும் ஐபஸ் எம்17என் தொகுப்பும் போதும், தமிழ்99 அதிலேயே வரும். 32-பிட் என்பதால் இதில் எதுவும் குறையாது.

வீடியோவை பிரவுசரில் பார்க்காதீர்கள். இந்த நெட்புக்கின் கிராஃபிக்ஸ் சிப்பான ஜிஎம்ஏ 950-க்கு எச்264 வீடியோவைப் பிரிக்கும் வன்பொருள் இல்லை. எம்பிவி பிளேயரில் 360பி தரத்தில் பாருங்கள். பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் போடுவதை இங்கே வேகத்துக்கான வேலையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கிராஃபிக்ஸிலும் இதே அடுக்குக் கதை உண்டு. லினக்ஸின் கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மெசா 2022-இல் 22.0 பதிப்பில் பழைய பாணி டிரைவர்களை ஆம்பர் என்ற தனிக் கிளைக்கு ஒதுக்கியது. ஜிஎம்ஏ 950-க்குப் புதிய பாணியில் இன்னொரு டிரைவர் இருந்ததால் அது தப்பித்தது. பழைய ரேடியான் 7000, 9200 வகைகளுக்கு அப்படி எதுவும் இல்லை.

14 அக்டோபர்

இன்று இரண்டு கதவுகள் மூடின. விண்டோஸ் 10-இன் ஆதரவு முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 144 வந்தது, லினக்ஸ் 32-பிட்டுக்கு அதுவே கடைசி. 140 இஎஸ்ஆர் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு குறைந்தது 2026 செப்டம்பர் வரை திருத்தம் பெறும் என்று மொசில்லா சொல்லியிருக்கிறது. குரோம் 2016-லேயே 32-பிட் லினக்ஸை விட்டுவிட்டது.

விண்டோஸ் 11 பற்றிக் கேட்டவருக்கு. டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப், எட்டாம் தலைமுறை இன்டெல் என்பவை இன்ஸ்டாலர் போடும் தடைகள். சுற்றிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ4.2-உம் பாப்கவுன்ட் ஆணையும் இல்லாவிட்டால் பூட்டே ஆகாது. இதைச் சுற்றிப் போக வழியில்லை. கோர் 2 டுயோ இங்கே நின்றுவிடும். விதித்த தடை எது, பிராசசரிலேயே இல்லாத ஆணை எது என்று பிரித்துப் பாருங்கள். முன்னதைப் பற்றிக் கோபப்படலாம். இந்த இழையின் முதல் கேள்வியில் இருந்த கோபத்துக்கு அங்கே நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். ஆறாம் தலைமுறை ஐ5 கணினி எல்லா வேலையையும் செய்யும்.

லினக்ஸிலும் எல்லாரும் டெபியன் போல இல்லை. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் 9, இரண்டாம் நிலை எக்ஸ்86-64 (64-பிட் ஆணைத் தொகுப்பு) கேட்கிறது. 2025 மே மாதம் வந்த 10, மூன்றாம் நிலை கேட்கிறது, அதாவது ஏவிஎக்ஸ்2 ஆணைகள், 2013-இன் இன்டெல் ஹாஸ்வெல் தலைமுறை. ஒரு பொறி: ஹாஸ்வெல், ஸ்கைலேக் தலைமுறைகளின் பென்டியம், செலரான் பெயர் கொண்ட சிப்களில் ஏவிஎக்ஸ்2 கிடையாது. ஆண்டைப் பார்த்து வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள். ஆல்மாலினக்ஸ் 10 இரண்டாம் நிலைக்கும் தனியாக ஒரு பதிப்பு தருகிறது.

19 அக்டோபர்

அச்சகத்தில் இருந்து கேள்வி: விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், எல்பிடி (பழைய பிரிண்டர்) போர்ட்டில் தமிழ் மென்பொருளின் லாக் (இது செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும்). மதர்போர்டு போகும் நிலையில் இருக்கிறது.

யூஎஸ்பி-எல்பிடி கேபிள் வாங்காதீர்கள். அந்தக் கேபிள் தன்னை ஒரு பிரிண்டராக மட்டுமே காட்டிக்கொள்ளும். லாக்கின் டிரைவர் 378 என்ற போர்ட் முகவரியை நேரடியாகத் தொடப் பார்க்கும், அங்கே ஒன்றும் இருக்காது. பிசிஐ பேரலல் கார்டு உண்மையான போர்ட் தரும், ஆனால் முகவரி வேறாக இருக்கும். லாக்கின் டிரைவரில் முகவரியை மாற்ற இடம் இருந்தால் மட்டும் ஓடும். இதே லாக் யூஎஸ்பி வகையாக இருந்தால் விர்ச்சுவல் மெஷினுக்குள் கொண்டுபோவது எளிது, எல்பிடி வகையில் அதை நம்ப வேண்டாம். பாதுகாப்பான வழி, மதர்போர்டிலேயே எல்பிடி உள்ள இன்னொரு பழைய கணினியை இப்போதே வாங்கி, வன்தட்டின் முழுப் பிரதியோடு தயாராக வைப்பது.

16-பிட் நிரல்கள் 64-பிட் விண்டோஸ் எதிலும் ஓடாது. பிராசசர் 64-பிட் நிலைக்குப் போனால் பழைய 8086 பாவனை நிலை இல்லாமல் போகிறது, அதனால் அந்தப் பகுதியே 64-பிட் விண்டோஸில் கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை.

மெஷின் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு வேலையையும் எழுத்துரு பதித்த பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். பாமினி போன்ற பழைய குறியீட்டில் இருக்கும் பனுவலை யூனிகோடுக்கு மாற்றித் தனியாக வையுங்கள். அந்தக் கணினியை நெட்வொர்க்கில் சேர்க்காதீர்கள்.

3 நவம்பர்

அக்டோபர் 31 அன்று டெபியனில் ஓர் அறிவிப்பு. தொகுப்புகளை நிறுவும் ஏபிடி கருவிக்கு ரஸ்ட் கட்டாயமாகும், 2026 மே மாதத்துக்கு முன்னால் அல்ல. ஆல்ஃபா, எச்பி-பிஏ, எம்68கே, எஸ்எச்4 ஆகிய பழைய பிராசசர் வகைகளுக்கு ரஸ்ட் கம்பைலர் வசதி ஆறு மாதத்துக்குள் வராவிட்டால் அவற்றை மூட வேண்டியிருக்கும் என்கிறார்கள். ஐ386-க்கு ரஸ்ட் இருக்கிறது, அதனால் இந்த அறிவிப்பு நம்மைத் தொடாது. ஆனால் 18-ஆம் தேதி நான் எழுதிய வரிசையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்று தோன்றுகிறது. முதலில் கெர்னல், பிறகு கம்பைலர் என்று எழுதியிருந்தேன். இப்போது கம்பைலர்தான் முன்னால் போகிறது. எம்68கே-வை கெர்னல் இன்னும் வைத்திருக்கிறது, தொகுப்பை நிறுவும் கருவி அதற்கு இல்லாமல் போகப் பார்க்கிறது.

4 நவம்பர்

கேள்வி கேட்டவர் புக்வோர்ம் மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார். மீதி வேலை இது.

டெபியன் 12-இன் ஐ386 நெட்இன்ஸ்ட் (இணையம் வழி நிறுவும்) கோப்பையும் முதல் டிவிடியையும் இப்போதே இறக்கி, செக்சம் சரிபார்த்து, பென்டிரைவ் ஒன்றிலும் வேறு வன்தட்டிலும் வையுங்கள். இப்போது அவை காப்பகப் பகுதியில் கிடைக்கின்றன. டிவிடி எதற்கு என்றால், களஞ்சியம் பின்னால் இடம் மாறினாலும் இணையம் இல்லாமலேயே மறுபடி நிறுவலாம்.

வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் 2026 ஜூன் வரை. அதன்பிறகு நீண்டகால ஆதரவுக் குழு 2028 ஜூன் 30 வரை பார்க்கும்.

அதற்கு அப்புறமும் அந்த நெட்புக்கை இணையத்தில் வைக்க நினைத்தால் நெட்பிஎஸ்டி 10 என்ற வேறோர் இயங்குதளத்தின் ஐ386 பதிப்பை ஒரு பழைய வன்தட்டில் போட்டு இப்போதே பழகுங்கள். அதில் 2012 முதலே நேரம் 64-பிட், 2038 பயம் இல்லை. வைஃபை சிப் அதில் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். ஓடாவிட்டால் டிமெசேஜ் (கெர்னல் பதிவு) முழுவதையும் சேர்த்து பிழை அறிக்கை போடுங்கள். என்270-இல் இன்னும் யாரோ ஓட்டுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவது அந்த அறிக்கை வழியாகத்தான்.